சீராகத் துடிக்கும் இதயம்தான் நலமான இதயமா?

[காட்சி: தோட்ட மருந்தகத்தின் முன்னால் ஒரு நீண்ட வாங்கு. காத்திருப்போர் கைகளில் கிளினிக் கொப்பிகள்.]

வணக்கம். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என மலையகத்தின் எந்தப் பக்கத்திலும் கிளினிக் நாளில் காணக்கூடிய ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். லயத்திலிருந்து ஏற்றப் பாதையில் நடந்து வந்த அம்மா ஒருவர், மூச்சிரைப்பு அடங்கும் முன்பே கையை நீட்டுகிறார், பிரஷர் அளக்கும் பட்டி சுற்றப்படுகிறது, 160க்கு 95 என்று கொப்பியில் பதிவாகிறது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் அளந்திருந்தால், அந்த எண் கணிசமாகக் குறைந்திருக்கக்கூடும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் உடலைத் தணிக்கும் நரம்புகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இப்போது உங்கள் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து செக்கன் மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, ஐந்து செக்கன் வெளியே விடுங்கள். உள்ளிழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருவதையும், வெளிவிடும்போது அவை விலகுவதையும் உங்களில் பலர் உணர்வீர்கள். இது நோயன்று. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயம் சராசரியாக 800 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை துடிக்கிறது என்றாலும், உண்மையில் ஓர் இடைவெளி 770 ஆகவும் அடுத்தது 830 ஆகவும் மாறிக்கொண்டே இருக்கும். இதயத் துடிப்பு மாறுபாடு என்பது இதுதான்.

[காட்சி: இதயத்தின் வரைபடம். வலது சோணையறைச் சுவரில் ஒரு புள்ளி ஒளிர்கிறது.]

இந்த மாறுபாடு எங்கிருந்து வருகிறது? இதயத்தின் மேல் அறைகளில் ஒன்றான வலது சோணையறையின் சுவரில், துடிப்பைத் தொடங்கும் கணுவை நரம்புகளின் பிடியிலிருந்து முற்றாக விடுவித்தால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை 60, 70 என்று இழுத்துப் பிடித்து வைத்திருப்பது, உடலைத் தணிக்கும் பரபரிவு நரம்புத் தொகுதியைச் சேர்ந்த வேகஸ் நரம்பு. இறக்கத்தில் வரும் லொறிக்குப் பிரேக் எப்படியோ, இதயத்துக்கு வேகஸ் அப்படி. ஏற்றத்தில் உந்தித் தள்ளுவது பரிவு நரம்பு. வேகஸின் கட்டளை ஒரு செக்கனுக்குள்ளேயே பலிக்கும். பரிவு நரம்பின் கட்டளை பலிக்கச் சில செக்கன்கள் பிடிக்கும். ஆகவே துடிப்புக்குத் துடிப்பு விரைவாக மாறும் மாறுபாடு பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வேலையையே காட்டுகிறது. அந்த நரம்பின் முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரந்தே இதயத்தைத் தணிக்கிறது என்பதை ஒட்டோ லோவி 1921இல் தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். 1936இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

உயர் குருதி அமுக்கத்தில், அதாவது நாம் பிரஷர் என்று சொல்வதில், இந்தப் பிரேக் தளர்ந்துவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருநாடி வளைவிலும் உள்ள அமுக்க உணரிகள், சுவர் விரியும் அளவை மூளையின் அடிப்பகுதிக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பவை. அமுக்கம் நெடுநாள் உயர்ந்தே இருந்தால், தமனிச் சுவர் விறைத்து, உணரிகள் குறைவாக விரிகின்றன. உயர்ந்த அமுக்கத்தையே வழமையான அளவாக ஏற்றுக்கொள்ளவும் பழகிவிடுகின்றன. வேகஸ் அடங்க, பரிவு நரம்பு ஓங்குகிறது, குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அமெரிக்காவின் நெடுங்கால இதய ஆய்வான ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1998இல் வெளியிட்ட முடிவின்படி, மாறுபாடு குறைந்த ஆண்களிடம் பின்னாளில் உயர் குருதி அமுக்கம் தோன்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், இந்த வேறுபாட்டை நாம் கவனத்தில் வைத்தே பேச வேண்டும்.

கைக்கடிகாரம் காட்டும் மாறுபாட்டு எண்ணைப் பார்த்து இளைஞர்கள் கவலைப்படுவதையும் காண்கிறேன். வயது, உறக்கம், காய்ச்சல், மது என எல்லாமே அந்த எண்ணை மாற்றும். வயது கூடக் கூட அது இயல்பாகவே குறையும். பிறருடைய எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. பட்டி கட்டி அளப்பதற்கு அது மாற்றும் அல்ல. தொடர்ந்த உடற்பயிற்சியும், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகளும் வேகஸ் பக்கத்து மாறுபாட்டைக் கூட்டக்கூடியவை என்பது உண்மைதான். ஆனால் எண் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

[காட்சி: தேயிலை மலையில் தேத்தண்ணி வேளை.]

மரத்தடியில் அமர்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்போது, அரை லீற்றருக்கும் மேற்பட்ட குருதி கால்களையும் வயிற்றுப் பகுதியையும் நோக்கி இறங்குகிறது. வேகஸ், பரிவு ஆகிய இந்தத் தன்னாட்சி நரம்புகள் நலமாக இருந்தால் அது நமக்குத் தெரியவே தெரியாது. அவை தளர்ந்திருந்தால், நீரிழிவும் சேர்ந்திருந்தால், கண் இருட்டிக்கொண்டு வரும். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைவது, நிலைமாற்றத்தால் அமுக்கம் சரிவதன் அடையாளம். சரிவான மலையில், முதுகில் கொழுந்துச் சுமையோடு நிற்பவருக்கு அந்த ஒரு கணமே போதும், விழுவதற்கு. அப்படிக் கண் இருட்டினால், அடுத்த கிளினிக்கில், இருந்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அமுக்கத்தை அளந்து, இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதித் தருமாறு கேளுங்கள்.