பூஜ்யம் போட்டால் காற்று சுத்தமாகிவிடும்!

வணக்கம் மக்களே. சுற்றுச்சூழல் ஸ்டார்ட்டப்பில் டெவலப்பர் என்றால் தினமும் என்ன வேலை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மரம் நடுவோம் என்றே சிலர் நினைத்திருக்கிறார்கள். இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சந்தேகம்தான்: இந்த எண்ணை நம்பலாமா, கூடாதா?

இதோ பாருங்கள், இந்த வெள்ளை டப்பா. காற்றில் இருக்கும் பிஎம் 2.5 தூசை, அதாவது 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சின்னதான நுண்தூசை அளக்கிறது. உள்ளே குட்டி ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி தூசில் பட்டுச் சிதறும், எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்துக் கணக்கு. இந்த சென்சார் சில ஆயிரம் ரூபாய்தான். அரசின் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தில் இதே தூசை அளக்கும் பீட்டா கதிர்க் கருவி பல லட்சம்.

விலை குறைவு, தொல்லை அதிகம். சென்னையில் மார்கழி விடியற்காலை ஈரம் ஏறினால் தூசு தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். சென்சார் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும். அதனால் டப்பாவை அரசு கருவிக்குப் பக்கத்திலேயே சில வாரம் மாட்டி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துத் திருத்துவோம். ஏஐ எல்லாம் இல்லையா என்று கேட்காதீர்கள், பல நேரம் லீனியர் ரிக்ரஷனே, அதாவது புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு பொருத்தும் எளிய கணக்கே போதும். ஆனால் திருத்தம் மிதமிஞ்சிப் போகவும் கூடாது. போகி அன்று பனியும் இருக்கும், டயர் புகையும் இருக்கும். நிஜப் புகையை ஈரம் என்று சாஃப்ட்வேர் கழித்துக்கட்டிவிட்டால் அப்புறம் இந்த டப்பா எதற்கு?

அப்புறம் சிம் பிரச்சினை. டப்பா டேட்டா அனுப்புவது அதற்குள் இருக்கும் சிம் வழியாகத்தான், நெட் போனால் டேட்டா வராது. அந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் சராசரி சரிந்துவிடும், மேப்பில் அந்தத் தெரு பச்சைப்பசேல் என்று தெரியும். அதனால் ‘நல்’ (null), அதாவது ‘டேட்டா இல்லை’ என்றுதான் போட வேண்டும். நம் தேசியக் காற்றுத் தரக் குறியீட்டிலேயே 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேர டேட்டா வேண்டும் என்று விதி இருக்கிறது.

நிறமும் ஒரு தலைவலிதான். பிஎம் 2.5-இன் 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய வரம்பு 60, அதனால் ‘திருப்தி’ என்று பச்சை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதோ 15. ஆப்பில் எந்த நிறம் காட்டுவது? நாங்கள் இந்திய நிறத்தையே காட்டி, கீழே 15-க்கு ஒரு கோடு போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டை எடுத்துவிடச் சொன்ன வாடிக்கையாளரும் உண்டு. எடுக்கவில்லை.

சம்பளம்? பெரிய கம்பெனியைவிடக் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் வர ஆசை இருந்தால், ஓபன்ஏக்யூ (OpenAQ) என்ற காற்றுத் தர டேட்டா தளத்தில் டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஊர் நிலையம் இருந்தால் அதை எடுத்து, போகி வாரத்தைப் பைத்தானில் வரைந்து பாருங்கள். நடுவில் எங்கெல்லாம் டேட்டா காணோம் என்று முதலில் பாருங்கள். இன்டர்வியூவில் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.