1520, செட்ஜ்விக் அவென்யூ

நேயர்களுக்கு வணக்கம்.

ஹிப்-ஹாப் என்ற அமெரிக்க இசையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். முதலில் அது கறுப்பின மக்களின் போராட்டப் பாட்டாக இருந்தது, அப்புறம் காசு புகுந்தது, கார், நகை, கும்மாளம் என்று கெட்டுப்போய்விட்டது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வரிசை தப்பு. முதலில் வந்தது கும்மாளம்தான். அந்தக் கும்மாளமே எப்படி அரசியலாக இருந்தது என்பதைத்தான் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், விரைவுச்சாலையை ஒட்டி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்ற எண்ணில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. 1973 ஆகஸ்ட் 11 இரவு, அதன் கீழ்த்தளத்துப் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத் துணி எடுக்கப் பணம் வேண்டும். காரணம் அவ்வளவுதான். சின்ன அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு கொடுத்தார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போடும் பொறுப்பு அண்ணன் கிளைவுக்கு. பதினெட்டு வயது, ஆறடியைத் தாண்டிய உருவம், கூல் ஹெர்க் என்று பட்டப்பெயர்.

இவர்கள் ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, ஊரே கூடி ஆடும் பழக்கம் உண்டு. அதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவர் ஹெர்க். அப்பாவின் ஸ்பீக்கர் செட்டைக் குடைந்து குடைந்து, அதிலிருந்து முழுச் சத்தத்தையும் வரவழைக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. ஃபங்க் என்ற, தாளம் தூக்கலான ஆட்டப் பாட்டு ஒன்றின் நடுவே பாடகர் நிறுத்திவிடுவார், மற்ற வாத்தியங்கள் அடங்கிவிடும், டிரம் மட்டும் சில விநாடிகள் தனியாக ஓடும். நன்றாக ஆடுகிறவர்கள் அந்த இடம் வரும்வரை சுவரோரம் நின்றுவிட்டு, வந்ததும் நடுவில் பாய்ந்தார்கள். சரி, அந்த இடத்தையே நீட்டினால் என்ன? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டார். இந்தப் பக்கத் தட்டில் டிரம் முடியும்போது அந்தப் பக்கத் தட்டில் அதே டிரம் தொடங்கும். அது முடிவதற்குள் இதைப் பின்னுக்குச் சுழற்றித் தயாராக வைத்துவிடுவார். இப்படியே எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். மேலே மைக்கில் நண்பர் கோக் லா ராக், வந்திருப்பவர்களின் பெயரைச் சொல்லி உசுப்பேற்றுவார். தாளத்துக்கு ஏற்பப் பேச்சுபோலப் பாடும் ராப் வளர்ந்தது இந்த விளையாட்டிலிருந்துதான். அதில் கோரிக்கையும் இல்லை, கொடியும் இல்லை.

கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி தீட்டிய திட்டப்படி கிராஸ்-பிராங்ஸ் விரைவுச்சாலை குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு காலி செய்தன. வங்கிகள் அந்தப் பகுதிக்குக் கடன் தருவதை நிறுத்தின. வாடகையில் லாபமில்லை என்றதும் சில உரிமையாளர்கள் ஆள் வைத்துத் தங்கள் கட்டடத்துக்கே தீ வைத்து இன்சூரன்ஸ் பணம் வாங்கினார்கள். அதே காலத்தில் நகர நிர்வாகம் சிக்கனம் என்று சொல்லித் தீயணைப்பு நிலையங்களை மூடிக்கொண்டிருந்தது. 1970-க்கும் 80-க்கும் இடையில் தெற்கு பிராங்ஸின் சில வட்டாரங்களில் பத்தில் ஒன்பது கட்டடங்களுக்கு மேல் இல்லாமலே போயின.

அங்கே தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள். அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் அடி விழும். 1971 டிசம்பரில், சண்டையை விலக்கப்போன கார்னெல் பெஞ்சமின் என்ற இளைஞரை அடித்தே கொன்றார்கள். அவர் இருந்த கெட்டோ பிரதர்ஸ் கும்பல் பழிவாங்கக் கிளம்பும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலும் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் இருந்த கும்பல் அது. இறந்தவர் கறுப்பர். அவர்களோ டிசம்பர் 8 அன்று எல்லாக் கும்பல்களையும் ஹோ அவென்யூவில் ஓர் அரங்குக்கு அழைத்துச் சமாதானம் பேசினார்கள். சமாதானம் முழுதாக நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தெருக்காரன் இன்னொரு தெருவின் பார்ட்டிக்குப் போய்விட்டு உயிரோடு வீடு திரும்பலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் மெல்ல வந்தது. என்னைக் கேட்டால் ஹிப்-ஹாப்பின் முதல் அரசியல் கூட்டம் அதுதான். அதில் ஒருவரும் ராப் பாடவில்லை.

அப்புறம் கூட்டம் அறைக்குள் கொள்ளாமல் பூங்காவுக்கு வந்தது. கரண்ட்? தெருவிளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் திறந்து ஒயரைச் சொருகிவிடுவார்கள். நம் ஊர்த் திருவிழாவில் கொக்கி போடுகிறார்களே, அந்த வேலைதான். நகரம் கைவிட்ட பிள்ளைகள் நகரத்தின் மின்சாரத்திலேயே ஆடினார்கள்.

பாட்டுக்குள் சமூகம் பெரிய அளவில் நேரடியாக நுழைந்தது 1982-இல், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்த ‘தி மெசேஜ்’ பாட்டில். இடிந்த வீடு, குப்பை, கடன், தாங்க முடியாத நெருக்கடி எல்லாம் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவுக்கே அதில் விருப்பமில்லை. ஆட வந்தவனிடம் போய் அவன் கஷ்டத்தையே பாடினால் எவன் ஆடுவான் என்று தயங்கினார்கள். விடாப்பிடியாக நின்று பதிவு செய்ய வைத்தவர் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன். குழுவிலிருந்து அதில் ராப் பாடியவர் மெல்லி மெல் மட்டும்தான். காசுதான் ராப்பைக் கெடுத்தது என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கறுப்பின உரிமை இயக்கத்தோடு ராப்புக்கு ரத்த உறவே உள்ள ஒரு கதையும் இருக்கிறது. 1969 ஏப்ரலில் நியூயார்க்கில், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் 21 பேர் மீது வெடிகுண்டுச் சதி வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் 22 வயது அஃபேனி ஷகூர். சட்டம் படித்தவரல்ல. ஆனாலும் வக்கீல் வைக்காமல் தனக்காகத் தானே வாதாடினார். கட்சிக்குள் ஊடுருவியிருந்த போலீஸ்காரரைக் கூண்டில் நிறுத்தி, நான் வன்முறையில் ஈடுபட்டதை நீங்கள் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணை செய்தார். அப்போது அவர் கர்ப்பிணி. 1971 மே மாதம் நடுவர் குழு அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. ஜூன் 16-இல் மகன் பிறந்தான். அவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற ராப்பர் டூபாக் ஷகூர்.

அந்த அம்மாவுக்காக டூபாக் பாடிய பாட்டைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதே டூபாக் பாலியல் குற்ற வழக்கில் தண்டனை பெற்று 1995-இல் சிறைக்குப் போனார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ராப் பாட்டுகள் பெண்களைப் பேசிய விதத்தை முதலில் எதிர்த்தவர்கள் வெள்ளைக்காரப் பழமைவாதிகள் மட்டுமல்ல. மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன சி. டெலோரஸ் டக்கர், ராப் பாட்டுகளை விற்ற டைம் வார்னர் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, பங்குதாரர் கூட்டத்துக்கே போய் நியாயம் கேட்டார். ராப்பர்கள் அவரைப் பாட்டிலேயே வைதார்கள். அந்தச் சண்டையில் நான் டக்கர் பக்கம். குவீன் லத்தீஃபா என்ற பெண் ராப்பர் அதே கேள்வியை 1993-இல் ராப்பாகவே கேட்டு, கிராமி விருதும் வாங்கினார்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1989-இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு போலீஸை எதிர்த்துப் பாடிய பாட்டைக் கண்டித்து இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸார் ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்தது வீடியோவில் வந்தது. 1992-இல் அந்தப் போலீஸார் விடுதலையானபோது நகரமே எரிந்தது. அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னமும் அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். அதற்குக் கடிவாளம் போடக் கலிபோர்னியா 2022-இல் ஒரு சட்டம் இயற்றியது.

2015-இல் கறுப்பின உரிமைப் போராட்டக்காரர்கள் கிளீவ்லாந்தில் கூடியபோது, ராப்பர் கென்ட்ரிக் லாமரின் பாட்டு ஒன்றைப் போலீஸார் முன்னால் கோஷமாகப் பாடினார்கள். அதுவும் ஆடத் தோன்றும் பாட்டுதான், கவனியுங்கள்.

சரி, அந்த 1520 என்ன ஆயிற்று? குறைந்த வாடகைக்கு வீடு தரும் அரசுத் திட்டத்தில் இருந்த கட்டடம் அது. 2007 வாக்கில் உரிமையாளர் அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறி விற்கப் பார்த்தார். வாடகைக்கு இருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஹிப்-ஹாப் பிறந்த இடம் இது என்பதையே ஆயுதமாக எடுத்தார்கள். ஹெர்க் அவர்களோடு வந்து நின்றார். அப்படியும் 2008-இல் கட்டடம் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது, பராமரிப்பு சீரழிந்தது. ஆனால் குடியிருந்தவர்கள் விடவில்லை. நகர நிர்வாகத்தின் கடன் உதவியோடு, குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் நிறுவனங்கள் 2011 வாக்கில் அதை வாங்கின. பழுதுபார்க்கும் வேலையும் தொடங்கியது.

நன்றி, வணக்கம்.