அடுக்களைக்கு மேலே ஒரு கண்ணாடி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வீட்டை இடிக்காமல் வசதி கூட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அடுக்களையில்தான். புறவாசல் பக்கம் பத்தடி இழுத்து, தூண் நிறுத்தி, மேலே ஒரு கான்கிரீட் வார்ப்பு போட்டுவிடுவார்கள். கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடம் கிடைத்துவிடும். பெயின்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் பழைய அடுக்களை இருண்டு கிடப்பது கண்ணில் படும். அதுவரை வெளிச்சம் தந்த ஜன்னல் இப்போது இன்னொரு அறைக்குள் திறக்கிறது, அதுதான் காரணம். பட்டப்பகலில் டியூப்லைட் எரியும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார், "மேலே ஒரு கண்ணாடி போட்டுரலாமே?" என்று.

கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. போடலாம். ஆனால் எங்கே, எவ்வளவு, எந்தக் கண்ணாடி என்பதை வார்ப்புக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு யோசித்து, நின்றுகொண்டிருக்கும் வார்ப்பை உடைத்துத் துளை போடுவது ஆபத்தான வேலை. உள்ளே இருக்கும் கம்பிகளை வெட்டினால் கூரையின் பலமே போய்விடும். ஒரு பொறியாளர் பார்க்காமல் அதைச் செய்யவே கூடாது.

மேலிருந்து வெளிச்சம் எடுப்பது நமக்குப் புதிதல்ல. ஓட்டு வீடுகளில் நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அவ்வளவுதான் அளவு. அந்த ஒரு ஓட்டு வெளிச்சத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கியிருக்கிறார்கள். இப்போது செல்போனில் வரும் படங்கள் வேறு. அடுக்களைக் கூரை முழுக்கக் கண்ணாடி, கீழே வெள்ளை மேசை, ஓரத்தில் ஒரு செடி. பெரும்பாலும் இங்கிலாந்து போன்ற குளிர்நாட்டு வீடுகள். லண்டனில் ஜூன் மாத நண்பகலில் வெயில் அடிவானத்திலிருந்து ஏறும் உச்ச உயரம் ஏறத்தாழ 62 டிகிரி. நம் ஊரில் மார்கழியில், வெயில் மிகவும் சாய்ந்திருக்கும் நாட்களிலேயே நண்பகலில் 58 டிகிரி இருக்கிறது. அவர்களுடைய நடுக்கோடையும் நம்முடைய மார்கழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சித்திரை வெயிலுக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் சூட்டைக் கொட்டும். சாதாரணக் கண்ணாடி அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். நாலடிக்கு நாலடி கண்ணாடியைப் படுக்கையாகப் பதித்தால் ஆயிரம் வாட்டுக்கு மேல் உள்ளே இறங்கும். அயர்ன் பாக்ஸை ஆன் செய்து தலைக்கு மேல் தொங்கவிட்டது மாதிரி. கீழே ஏற்கெனவே கேஸ் அடுப்பு எரிகிறது.

"அப்போ டபுள் கண்ணாடி போடலாமா?" என்று கேட்பார்கள். நடுவில் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடியின் முக்கியப் பயன், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காப்பது. குளிர்நாட்டுக்கு அது தேவை. நமக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடிதான் கூடுதல் உதவி. அதுவும் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். மீதியை அளவும் திசையும் தீர்க்க வேண்டும்.

அளவுக்குப் பொதுவான கணக்கு, தரைப்பரப்பில் 20-ல் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். 120 சதுர அடி அடுக்களைக்கு ஆறு சதுர அடி. கேட்பவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகப் படும். மேலிருந்து வரும் வெளிச்சம் ஜன்னல் வெளிச்சத்தைவிடப் பலமானது என்பது பதித்த பிறகுதான் புரியும்.

திசை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணாடியைப் படுக்க வைக்காதீர்கள், நிறுத்துங்கள். கூரையில் ஒரு சிறு பகுதியை இரண்டடி உயர்த்திக் கட்டி, அந்த உயரத்தின் வடக்குப் பக்கத்தில் கண்ணாடி பதிக்கலாம். ஏப்ரல் 11, செப்டம்பர் 1 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகல் வெயில் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாயும், ஆனால் நண்பகலில் சுமார் 15 டிகிரிக்கு மேல் சாயாது. ஆகவே இரண்டடிக் கண்ணாடிக்கு மேலே கூரை முக்கால் அடி வெளியே நீட்டியிருந்தாலே உச்சி வெயில் உள்ளே வராது. ஆனி மாதக் காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் வரும், அது பரவாயில்லை. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் நீட்டத்தை ஒன்றரை அடியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ஒரு பகுதியைக் கண்ணாடிக்குப் பதிலாகத் திறப்பாக விட்டுக் கொசுவலை அடித்துவிட்டால், மேலே ஏறும் சூடும் மீன் பொரிக்கிற புகையும் அந்த வழியாகப் போய்விடும். படுக்கைக் கண்ணாடியில் இந்த வசதி இல்லை. எண்ணெய்ப் புகை அடியில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, ஒரு வருஷத்தில் மங்கிவிடும். பத்தடி உயரத்தில் யார் ஏறித் துடைப்பது?

இன்னொன்று. பலரும் கண்ணாடியைப் புதிய பகுதியின் நடுவில் வைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே பின்பக்க ஜன்னல் இருக்கிறது. இருட்டு இருப்பது பழைய சுவரை ஒட்டி. வெளிச்சம் அங்கேதான் இறங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பழைய கட்டடமும் புதியதும் ஒரே மாதிரி அமராது. அந்தச் சேர்ப்பில் மெல்லிய விரிசல் வரும், மழைத்தண்ணீர் முதலில் இறங்குவதும் அங்கேதான். அதனால் சேர்ப்பிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். வெளிச்சம் பழைய அடுக்களைக்கும் எட்டும், கசிவும் கண்ணாடியோடு சேராது.

படுக்கையாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் சில வார்த்தை. தலைக்கு மேல் வரும் கண்ணாடி லேமினேட்டடாக இருக்க வேண்டும், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். டஃபன்ட், அதாவது சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். அது பலமானது, உடைந்தால் சின்னத் துண்டாகத்தான் உதிரும், சரி. ஆனால் உதிர்வது குழம்புச் சட்டிக்குள். சில சமயம் உள்ளே இருக்கும் நுண்ணிய மாசினால் அது தானாகவே வெடிப்பதும் உண்டு. ஆறும் ஆறும் சேர்ந்த 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு மூன்று கிலோ அளவுக்கு வரும், சட்டம் அதைத் தாங்க வேண்டும். டஃபன்ட் செய்த கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. ஆகவே சட்டம் பொருத்தி முடிந்த பிறகு அளவெடுங்கள்.

பாலிகார்பனேட் என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஷீட் மலிவு, எடையும் குறைவு. சாய்ப்புக்கு நல்லது. அடுக்களைக்கு நான் சொல்வதில்லை. வெயிலில் மஞ்சளிக்கும், ஆடிச் சாரலில் கீழே பேச்சுக் கேட்காது. சூட்டில் மூன்று மீட்டர் ஷீட் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும், ஸ்க்ரூ துளையை இறுக்கிப் போட்டால் அங்கேயே கீறும்.

தென்னைக்குக் கீழே எந்தக் கண்ணாடியும் வேண்டாம். தேங்காய் விழாவிட்டாலும் மட்டையும் கொதும்பும் விழும். 2017 ஒக்கிப் புயலில் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்க்காரர்கள் சட்டத்துக்கு இரும்பை நினைக்கவே வேண்டாம். நல்ல அலுமினியம், அதற்குத் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. துளையைச் சுற்றி மொட்டைமாடியிலிருந்து அரை அடியாவது உயரமாகக் கட்டைச் சுவர் கட்டி, அதன்மேல்தான் சட்டம் உட்கார வேண்டும். படுக்கைக் கண்ணாடியே ஆனாலும் பத்து டிகிரியாவது சரிவு கொடுங்கள். சிலிக்கான் பசையை மட்டும் நம்பாமல், மேலே மடித்த தகடு போடுங்கள். ஈரச் சுவரில் சிலிக்கான் பிடிக்காது, அதனால் வேலையைத் தை மாசியில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்து சிலிக்கான் காய ஓரிரு நாள் விட்டு, மேலே ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். கீழே ஒருவர் டார்ச்சோடு நின்று பார்க்கட்டும். பெயின்டர் அதற்குப் பிறகு வந்தால் போதும். பாக்கிப் பணத்தையும் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.

வணக்கம்.