பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

பழம்பெரும் கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் கோபுரத்தையும் குவிமாடத்தையும் வளைவையும் விரித்துரைப்பது வழக்கம். நான் அவற்றை இணைத்து நிறுத்தியிருக்கும் சுண்ணாம்புக் காரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏனெனில் இக்கட்டடங்கள் நம் கண்ணெதிரே சிதைவதற்கு, காப்பாற்றுவதாக எண்ணி நாமே பூசும் சிமெண்ட் ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மதுரையில் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகால், 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனை, 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் ஆகியவை காலத்தாலும் பாணியாலும் வேறுபட்டாலும், மூன்றிலும் கொத்தனாரின் கரணையில் இருந்தது சுண்ணாம்புச் சாந்துதான். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பக்குவப்படுத்திய அந்தச் சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருப்பதால், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் பூச்சின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும்.

அதன்மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் சேர்க்க, அந்த உப்பு படிகமாகி விரிந்து செங்கல்லை நொறுக்குகிறது. இவ்வாறு பழுதுபார்த்த சுவரின் அடிப்பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று ஒலிக்கும். அந்தப் பூச்சு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்தே உரித்துக்கொண்டு விழும்.

சுவரைவிடக் கூரைக்கு நேரும் கேடு பெரிது. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தில், தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்துக்கல்லாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் நீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வரைபடம் தீட்டியவர்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்க, இவர்களின் பெயர் எங்குமே இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். ஒழுகுகிறது என்று அத்தளத்தின்மேல் சிமெண்ட் போடும்போது பாரம் கூடுவதோடு, விரிசல் வழியே இறங்கிய நீர் ஆவியாக வழியின்றிச் சுவருக்குள் பதிந்திருக்கும் கட்டையின் முனைகளை உளுத்துப்போகச் செய்கிறது. வெளியே தெரியும் பகுதி உறுதியாகவே இருப்பதால், இந்தச் சேதம் கடைசிவரை கண்ணுக்குப் படுவதில்லை.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்குச் சேப்பாக்கத்திலேயே சான்று உண்டு. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான, 2012 ஜனவரியில் தீக்கிரையான கலச மகாலைப் பொதுப்பணித்துறை பின்னர் சுண்ணாம்புக் கலவை கொண்டே மீட்டெடுத்தது.

இதற்கு வேண்டியவை மூன்று: பழைய காரையில் ஒரு கட்டியை எடுத்து ஆய்வு செய்து, அதற்கு ஒத்த கலவையை முடிவுசெய்த பிறகே மதிப்பீடு போடுவது, பூச்சு பதமாக இறுகுவதற்கான நாள்களை ஒப்பந்தத்திலேயே ஒதுக்குவது, சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்களிடம் இளைஞர்களை ஊதியத்தோடு பழக விடுவது. மூன்றாவதை உடனே தொடங்க வேண்டும், ஏனெனில் அந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்களில் பலர் முதுமையை எட்டிவிட்டார்கள்.