அந்தி வெளிச்சத்தில் இராக்கொக்குகள்

நேயர்களுக்கு என் வணக்கம். உம்கேனி ஆறு கடலோடு கலக்கும் புளூ லகூன் கரைக்குக் குடும்பத்தோடு போய்வராத டர்பன் தமிழர் வெகு சிலரே. பொழுது சாய்ந்ததும் நாம் வீடு திரும்பிவிடுகிறோம். வக்கா என்றும் அழைக்கப்படும் இராக்கொக்குகள் இரைதேடப் புறப்படுவதோ அதற்குப் பிறகுதான். அந்த அந்தி வெளிச்சத்தில் அவற்றைப் படமெடுக்கும் முறையைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

கருந்தலையும் கருமுதுகும் சாம்பல் சிறகும் வெள்ளை வயிறும் சிவந்த கண்ணும் கொண்ட இப்பறவை, பகல் முழுவதும் நீரோரத்து அடர்ந்த கிளைகளுக்குள் ஒடுங்கியிருக்கும். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது இளம்பறவை. பகலிலேயே அடைமரத்தைத் தூரத்திலிருந்து கண்டுவைத்து, பறவைகள் எத்திசையில் வெளியேறுகின்றன என்று ஓரிரு மாலை கேமரா இல்லாமலே கவனித்துவிட்டு, அந்த வழியில் முன்னதாகவே போய் அமர்ந்திருப்பதுதான் நல்ல படத்துக்கான முறை. மரத்தை நெருங்கிக் கிளப்பிவிட்டு எடுத்த படத்தில் பறவையின் அச்சமே பதிவாகும்.

ஃபிளாஷ் விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மங்கலான ஒளியில் கண்ணை நம்பி மீன் பிடிக்கும் பறவைக்கு அந்த ஒளிவீச்சு பார்வையைத் தடுமாறச் செய்யும். அது தேவையும் இல்லை. வேட்டையின்போது இராக்கொக்கு நெடுநேரம் அசையாமல் நிற்பதால், கேமராவை முக்காலியில் பொருத்தி, ஷட்டர் வேகத்தை நொடியில் அறுபதில் ஒரு பங்காகக் குறைத்து, ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை உயர்த்தினால் தெளிவான படம் கிடைக்கும். தானியங்கி அளவீடு அந்தியையும் பகலாக்கிக் காட்ட முயன்று வெள்ளை வயிற்றை வெளிறச் செய்துவிடும். ஆகவே வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து, சிவந்த கண்ணில் குவியத்தை நிறுத்துங்கள். கடல்நீர் இறங்கிச் சேற்றுத்திட்டுகள் தெரியும் வேளையும் அந்தியும் ஒன்றுசேரும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கூடு கட்டும் காலத்தில் மட்டும் அருகே செல்லவே வேண்டாம். ஆள் நெருங்கினால் குஞ்சுகள் உண்ட இரையைக் கக்கிவிடும். தாய்ப்பறவை எழுந்து போன இடைவெளியில் முட்டைகள் கொள்ளைபோகும். டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள செயின்ட் லூசியா போன்ற கழிமுகங்களில் வாழும் வெண்முதுகு இராக்கொக்கு இன்னும் கூச்சமுள்ளது, நம் தென்னாப்பிரிக்காவில் அரியதும்கூட. அதைப் படகிலிருந்து காண நேர்ந்தால் படகு தன் வழியே செல்லட்டும். இன்னொரு படத்துக்காகத் திருப்பச் சொல்லாதீர்கள்.

ஜூன் மாதத்தில் இங்கே மாலை ஐந்து மணியளவிலும், டிசம்பரில் ஏழு மணியளவிலும் சூரியன் மறைகிறது. அதன்பின் படமெடுக்க உகந்த ஒளி அரைமணி நேரம்கூட நிற்காது. விலையுயர்ந்த கருவிகளோடு அந்நேரத்தில் தனியே ஆற்றோரம் போகாமல், இருவர் மூவராகச் சேர்ந்து செல்லுங்கள். நன்றி, வணக்கம்.