ஆளுக்கு ஏத்த கவுன்சிலிங்

நேயர்களுக்கு வணக்கம். கவுன்சிலிங்னாலே ஒரு ரூம், ரெண்டு சேர், ஒருத்தர் அழுவாங்க இன்னொருத்தர் அட்வைஸ் பண்ணுவாங்கன்னுதான் நிறைய பேர் நெனைக்கிறாங்க. அப்படி இல்லங்க. பேசி குணப்படுத்துறதுலயே பல முறை இருக்கு, ஒருத்தருக்குக் கேட்டது அடுத்தவருக்குக் கேக்கும்னு சொல்ல முடியாது, அதனால ஆளப் பாத்து மாத்தணும். ஆனா எதை மாத்தலாம் எதை மாத்தவே கூடாதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

பாம்பன் பக்கம் விசைப்படகுல போற ஒருத்தர்னு வச்சுக்குவோம். படகு கவுந்து, ராத்திரி பூரா தண்ணியில கெடந்து பொழச்சு வந்தவரு. அதுக்கப்புறம் தொழிலுக்குப் போகல, டீசல் வாடை பட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கத்துல கத்துறாரு. இதுக்கு நல்லா கேக்குற முறை, ஒதுங்கி ஓடுறதக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி அந்த பயத்துக்கு நேரா நிக்க வைக்கிறது. மொதல்ல கரையில வலை பொத்துற எடத்துல உக்காரணும், பெறகு நங்கூரம் போட்டு நிக்கிற படகுல ஏறி உக்காரணும், அடுத்து இன்ஜின ஸ்டார்ட் பண்ணி அந்த வாடையிலயே படபடப்பு தணியிற வரைக்கும் எறங்காம இருக்கணும். கூட கவுன்சிலிங் குடுக்குற நான் நிக்கிறத விட அவரோட மச்சான் நின்னா தைரியம் வரும்னா மச்சானே நிக்கட்டும். படிய மாத்தலாம், வேகத்த மாத்தலாம். ஆனா "பாவம், ரொம்ப பயப்படுறாரு, விட்டுருவோம்"னு படகுல ஏத்துறதையே விட்டுட்டா அங்க சிகிச்சைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல.

நேரமும் அப்படித்தான். மீன்வளத்துறைகிட்ட டோக்கன் வாங்கி கடலுக்குப் போற ஆள்கிட்ட வாராவாரம் செவ்வாக்கிழமை 11 மணிக்கு வாங்கன்னா எப்படி வருவாரு? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் இருக்குல்ல, அப்ப அடுத்தடுத்து வர வைக்கலாம், ஆனா கையில காசில்லாத நேரம், குடியும் கூடும், அதையும் சேத்தே பேசணும்.

இன்னொருத்தங்க, விரல்ல துணி சுத்திக்கிட்டு கடல்ல முங்கி பாசி எடுக்குற அக்கா. மனசு சரியில்லன்னு வர மாட்டாங்க, தலை பாரமா இருக்கு, கை கால் ஓஞ்சு போச்சு, சோறு எறங்கலன்னுதான் வருவாங்க. கோவாவுல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மனநல டாக்டர் விக்ரம் பட்டேல் குழு ஒரு ஆய்வு செஞ்சு 2017ல வெளியிட்டாங்க, டாக்டருக்குப் படிக்காத உள்ளூர் ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து, 6லருந்து 8 தடவ பேச வச்சு, கடுமையான மனச்சோர்வுல இருந்தவங்களுக்கே நல்ல பலன் கெடச்சுது. அந்த முறையோட சாரம், விட்டுப்போன காரியங்கள திரும்ப செய்ய வைக்கிறது. ஆனா விடியக்காலைல இருந்து ஒழைக்கிற அக்காகிட்ட போய் "சுறுசுறுப்பா இருங்க"ன்னு சொன்னா அது கொடுமைங்க. வேலைய கூட்டுறது இல்ல, சாயங்காலம் பக்கத்து வீட்டு மைனியோட திண்ணையில உக்காந்து தலை சீவிக்கிட்டு பேசுனது எப்ப நின்னுச்சுன்னு கேட்டு அத மீட்டுக் குடுக்கணும். நோட்டுல எழுதிட்டு வாங்கன்னு சொல்றதும் வேண்டாம், போன்ல பேசி அனுப்புங்கன்னும் வேண்டாம், அந்த போன் மகன் கையில இருக்கும். வரும்போது வாயால கேட்டுக்கிட்டாப் போதும்.

மனநோய் தீரணும்னு தர்காவுக்கு கூட்டிட்டுப் போற ஏர்வாடிய சொல்லாம இந்த ராமநாதபுரம் ஜில்லாவுல மனநலம் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6, அங்க ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில செத்தாங்க, நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில கட்டக் கூடாது. தர்காவுக்குப் போறவங்கள தடுக்க வேண்டியதில்ல, துஆவும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். காதுல குரல் கேக்குதுங்கறவருக்கு வெறும் பேச்சு போதாது, மாத்திரைய நிறுத்திட்டு கவுன்சிலிங் மட்டும் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நீங்க கவுன்சிலிங் போனீங்கன்னா மொத நாளே கேளுங்க, எனக்கு என்ன முறை செய்யப் போறீங்க, ஏன், எத்தன தடவ வரணும், சரிவரலன்னா என்ன மாத்துவீங்க. கேக்குறது தப்பே இல்ல. அவசரமா பேசணும், சாகலாம் போல இருக்குன்னு தோணுச்சுன்னா அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கெடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். நன்றி, வணக்கம்.