சைவக்கடையில் ஒரு வீகன்: யாழ்ப்பாணத்தில் எதைக் கேட்டுச் சாப்பிடுவது?

[காட்சி: கழுவிய வாழையிலை. அதன்மேல் ஆவி பறக்கும் இடியப்பம்.]

வணக்கம். கனடாவிலிருந்து என் மச்சாள் வந்திருந்தாள். இப்போது அவள் வீகன்: மீன், இறைச்சி மட்டுமல்ல, பால், நெய்கூடத் தொடமாட்டாள். ரவுணுக்குள் இருக்கிற ஒரு சின்னச் சைவக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரிமாறிய பெடியனிடம் அவள், "தம்பி, எனக்குப் பால் சேர்த்தது ஒண்டும் வேண்டாம்" என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, இலைக்குப் பக்கத்தில் வைத்த சொதியையும் கிழங்குக் கறியையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். போனவன் நெய் மினுங்கும் தோசையோடு வந்தான்!

அவன்மேல் பிழை சொல்ல முடியாது. எங்கள் குசினியில் பால் என்றால் முதலில் தேங்காய்ப்பால்தான். அவள் சாப்பிடக்கூடியதை எடுத்துவிட்டு, சாப்பிடக்கூடாததை வைத்துவிட்டான். இந்த வீடியோ அந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான்.

[காட்சி: கடைப் பலகையில் 'சைவ உணவகம்' என்ற எழுத்து.]

மச்சம், அதாவது மீன், இறைச்சி இல்லாவிட்டால் எங்களுக்கு அது சைவம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது. ஆனால் தயிரும் மோரும் நெய்யும் தாராளமாக ஓடும். வீகன்காரர் அதையும் தொடமாட்டார், தேனையும் தொடமாட்டார். இந்தச் சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. டொனால்ட் வாட்சனும் கூட்டாளிகளும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி உண்டாக்கினார்கள். தமிழில் 'நனிசைவம்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கடையில் போய்ச் சொன்னால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

சரி, இப்போது அந்தச் சொதிக்கு வருவோம்.

[காட்சி: கிட்டத்தில் சட்டி. மஞ்சள் நிறப் பால் மெல்லப் பொங்குகிறது.]

துருவிய தேங்காயை முதலில் பிழிந்தால் வருவது தடித்த முதற்பால். அதை ஒரு பக்கம் எடுத்து வைப்பார்கள். அந்தத் தேங்காய்ப்பூவிலேயே தண்ணீர் விட்டுத் திரும்பப் பிழிந்தால் இரண்டாம் பால். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள் எல்லாம் அவிவது இந்த இரண்டாம் பாலில்தான். கடைசியாக முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும். பொங்கி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி இறக்கின பிறகுதான். இதில் மாட்டுப்பால் ஒரு சொட்டும் இல்லை. புட்டு, இடியப்பம், தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு என்று எங்கள் சொந்தச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் யாரும் திட்டம் போடாமலே வீகன்.

சிக்கல் தொடங்குவது மெனுவின் 'இந்தியன்' பக்கத்தில். பனீர் என்றாலே பாலைத் திரைய வைத்து எடுத்ததுதான், அதில் பேச்சே இல்லை. நானுக்கு மா குழைக்கும்போது அநேகமாகத் தயிரோ பாலோ சேர்ப்பார்கள். மினுமினுக்கும் குருமாவில் முந்திரிப்பருப்பு மட்டும் இருந்தால் நல்லது, கிரீமும் சேர்ந்திருக்கலாம். சன்னா மசாலாவை நம்பலாம், ஆனால் கடைசியில் மேலே ஒரு கரண்டி பட்டர் விழுந்ததா என்று கேட்க வேண்டும். மசாலாத் தோசையும் அப்படித்தான்: மா உழுந்தும் அரிசியும், உள்ளே கிழங்கு, கல்லில் விடுவது எண்ணெயா நெய்யா என்பதுதான் கேள்வி. எனக்கென்றால் நல்லெண்ணெய் விட்டுச் சுட்ட தோசைதான் வாசம்.

ஆகவே 'பால் வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"அண்ணை, இதுக்குள்ள நெய் விட்டனீங்களோ?"
"தயிர், மோர் ஏதும் சேர்த்ததோ?"
"தேங்காய்ப்பாலோ, மாட்டுப்பாலோ?"

'வீகன்' என்ற சொல்லே தேவையில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு சட்டிக்குள்ளும் என்ன போனது என்று தெரியும்.

[காட்சி: மத்தியானச் சாப்பாடு. சோற்றின்மேல் பருப்பு.]

மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுவீர்கள். ஒன்று, பருப்புக்கு மேல் விடும் நெய். கரண்டி இலைக்கு வருமுன்னமே கையால் மறித்துவிடுங்கள், வந்த பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை. மற்றது மோர்மிளகாய். கறுத்துப் பொரிந்து அப்பளத்தோடு அப்பாவி மாதிரிக் கிடக்கும், ஆனால் அது மோரில் ஊறிக் காய்ந்தது. என் மச்சாள் இரண்டைக் கடித்து முடித்த பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வீடியோவைப் பார்த்தால் தெரிந்துகொள்வாள்!

இனிப்புப் பெட்டியை அப்படியே கடந்து போங்கள்; லட்டு, மைசூர்பாகு, கேசரி எல்லாவற்றிலும் நெய். பாயசத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தேங்காய்ப்பாலில் காய்ச்சுகிறவர்கள் உண்டு, ஆனால் முந்திரிப்பருப்பும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) நெய்யில் வதங்கியிருக்கும். கடலை வடை, உழுந்து வடைக்குப் பயமில்லை.

[காட்சி: கண்ணாடிக் கிளாஸில் செம்மஞ்சள் தேத்தண்ணி. பக்கத்தில் ஓலைக் குட்டான்.]

கடைசியாகத் தேத்தண்ணி. வெறுமனே 'ரீ' என்றால் பால்மா கலந்ததுதான் வரும். 'பிளேன்ரீ' என்று சொல்லுங்கள், இஞ்சி போட்டால் இன்னும் நல்லது. சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பனங்கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிளாஸுக்குள் போட்டுக் கலக்கிவிடாதீர்கள். ஒரு துண்டைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சுடச்சுட ஒரு மிடறு குடிக்க வேண்டும்.